குறை சொல்ல முடியாத மெத்தை

ஜனவரி 19

ஆதிரா தூங்கிவிட்டாள். முதுகு தூங்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் குழந்தை தவழ்ந்து வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். ஒன்பது மாதத்துக்குத் தெரிந்த ஒரே கட்டளை அது. குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்புக்கு மேலே யாரோ கொக்கி மாட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு கை குழந்தையை நோக்கி, இன்னொரு கை அடுப்பு மேடையில். அப்படியே நின்றேன். குக்கர் விசில் மேல் விசில் அடித்தது.

அத்தை வந்து பார்த்தார்.

"என்ன அம்மிணி, எதையாச்சும் கீழ போட்டுட்டியா?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"முதுகு பிடிச்சுருச்சுங்க அத்தை."

"அப்பறம் எதுக்குக் குனிஞ்ச?"

நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "எலும்பெல்லாம் அருமையா இருக்குதுங்க" என்றார், என்னைப் பெற்றவர்களைப் பாராட்டுவது போல. எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். "கல்யாணம் ஆனதுலருந்தே கொஞ்சம் கொஞ்சமா…" என்றேன். "பாத்தீங்களா டாக்டர், கடைசில என்ற தலைல கட்டறா" என்று கூட வந்திருந்த பூபதி சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் வலித்தது.

டாக்டர் சொன்னது மூன்று. தினமும் எக்ஸர்சைஸ். குழந்தையைக் கீழேயிருந்து குனிந்து தூக்கக்கூடாது. நல்ல மெத்தையில் படுக்க வேண்டும். "எத்தனை நாளைக்குத் தூக்கக்கூடாதுங்க?" என்றேன். "உங்க முதுகே சொல்லுமுங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் மூன்றில் இரண்டு காணாமல் போய்விட்டது. "மெத்தை மாத்தச் சொல்லிட்டாரும்மா" என்றுதான் பூபதி அத்தையிடம் சொன்னார். எக்ஸர்சைஸ் செய்ய வேண்டியதும் நான், தூக்காமல் இருக்க வேண்டியதும் நான். மெத்தை ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 22

இந்த வீட்டில் மெத்தையைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை. அது சீர் மெத்தை. கட்டில், பீரோ, கிரைண்டரோடு அப்பா எங்கள் ஊரான கோபியிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பியது. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் மெத்தையை ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள்.

முதல் வாரமே அத்தை கேட்டார். "மெத்தை எப்படி அம்மிணி இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை."

கேள்வி மெத்தையைப் பற்றியது. பதில் அப்பாவைப் பற்றியது. அன்றிலிருந்து அந்த மெத்தை நல்ல மெத்தை. முதுகு வலித்தபோது கல்லூரியில் உட்கார்ந்த நாற்காலி காரணம், பிறகு கர்ப்பம் காரணம், பிறகு பிரசவத்தில் போட்ட ஊசி காரணம். மெத்தை காரணமாக இருந்ததே இல்லை.

அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் வாரண்டி போய்விடும் என்பது பூபதியின் கட்சி. அதன் மேல்தான் பெட்ஷீட். திரும்பிப் படுத்தால் மிக்சர் பொட்டலம் பிரிக்கிற சத்தம் வரும். ஆனால் நான் அதிகம் திரும்புவதில்லை. சுவரோரம் அவர், நடுவில் ஆதிரா, இந்தப் பக்கம் விளிம்பில் நான். கையை விரித்துப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்கு ஒரு முழம் போதும்.

இன்று பேச்சு வந்தபோது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சம்பந்தி பாத்துப் பாத்து வாங்குன மெத்தை. அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிப் போயிரும்." உடனே சேர்த்துக்கொண்டார். "கடைக்காரன் வேணா ஏமாத்தியிருப்பான். அவரு பாவம், ஒண்ணுந் தெரியாதவரு."

அப்பாவுக்கு ஒரே மூச்சில் நற்சான்றிதழும் கிடைத்தது, அசடுப் பட்டமும் கிடைத்தது.

"மெத்தைல ஒண்ணுமில்லீங்க அத்தை. என்ற முதுகுலதான் கோளாறு."

அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன்.

கடைசியில் பூபதிதான் வழி கண்டுபிடித்தார். "சீர் மெத்தைய மாத்தலைம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். சேர்த்து இன்னொண்ணு வாங்கறோம், அவ்ளோதான்." அத்தை சம்மதித்தார். சீர் வீட்டை விட்டுப் போகக்கூடாது, முதுகும் சரியாக வேண்டும்.

ஜனவரி 24

குழந்தைத் துணிகளை அலசினேன். மெஷினில் போட்டால் துணி நைந்துவிடும் என்கிறார் அத்தை. வாளியைத் தூக்காமல் காலால் தள்ளித் தள்ளி பால்கனி வரை கொண்டுபோனேன். படித்த படிப்பு வீண் போகவில்லை.

ஜனவரி 28

அடுக்குமாடி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில், 'முதுகு வலிக்கு என்ன மெத்தை நல்லது?' என்று கேட்டேன். தென்னை நார்தான் என்று மூவர். தென்னை நார் தவிர வேறு எதுவானாலும் என்று மூவர். இலவம்பஞ்சு என்று ஒருவர். மெத்தையே வேண்டாம், தரையில் பாய் என்று ஒருவர். அவர் வீட்டில் ஏசி அறையில் பெரிய கட்டில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். நாலாவது மாடி அக்கா மட்டும், 'கொலு பொம்மை யாராவது விக்கறீங்களா' என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். அதற்குத்தான் நிறையப் பேர் பதில் போட்டார்கள்.

நான் எம்.எஸ்சி. புள்ளியியல். கருத்து வேண்டாம், தரவு போதும் என்று இணையத்தில் விமர்சனங்களைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு மெத்தைக்கு ஆயிரக்கணக்கில் ஐந்து நட்சத்திரம். பாதிப் பேர், 'டெலிவரி சூப்பர், இன்னும் பிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், 'என் மனைவிக்கு மிகவும் பிடித்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். அந்த மனைவி எழுதியது எங்கேயும் இல்லை.

பிப்ரவரி 2

கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூம். நான், பூபதி, அத்தை, ஆதிரா.

சேல்ஸ்மேன் பூபதியைப் பார்த்துத்தான் பேசினார். "ஆர்த்தோ பாக்கறீங்களா சார், மெமரி ஃபோமா, லேடெக்ஸா?"

"வலி எனக்குங்க" என்றேன்.

"ஓகே மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினார். "சார், படுத்துப் பாருங்க. படுக்காம மெத்தை வாங்கவே கூடாது."

நான் செருப்பைக் கழற்றினேன். அத்தை என் முழங்கையைப் பிடித்தார். "என்ன அம்மிணி இது! நாலு பேரு போற வர்ற எடத்துல பொம்பளப்புள்ள மல்லாந்து படுக்கறதா? கையில அமுக்கிப் பாரு, தெரியும்."

அமுக்கிப் பார்த்தேன். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. என் கைக்கு முதுகு வலி இல்லை.

எனக்குப் பதிலாக பூபதி படுத்தார். முதலில் ஆர்த்தோ. "கொஞ்சம் கட்டியா இருக்குது." அடுத்து மெமரி ஃபோம். "ம்ம்…" அடுத்து லேடெக்ஸ். அதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. "பாத்தீங்களா மேடம், இதுதான் குவாலிட்டி" என்று சேல்ஸ்மேன் கிசுகிசுத்தார். மூட்டு வலி என்று அத்தையும் பக்கத்து மெத்தையில் ஓரமாக உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். அத்தை சாய்வது படுப்பதில் சேராது போலிருக்கிறது. நான் இரண்டு பைகளோடும் ஆதிராவோடும் நின்றுகொண்டிருந்தேன்.

விலையைக் கேட்டதும் பூபதிக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. இரண்டு மாத வாடகை. வெளியே வந்து ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம்.

பிப்ரவரி 11

மெத்தை வந்தது! ஆன்லைனில். கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று மாதம் படுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருவார்களாம். கறை மட்டும் படக்கூடாது.

அட்டைப் பெட்டியிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டிய ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக்கைக் கிழித்தோம். புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு எழும்ப ஆரம்பித்தது. அத்தை இரண்டடி பின்னால் போய், "உசுரு இருக்குதா அதுக்கு?" என்றார். ஆதிரா கை தட்டினாள். பிறகு வழக்கம்போல இரண்டு கைகளையும் தூக்கினாள். "அம்மாவுக்கு வலிக்குதில்ல தங்கம்" என்றேன். அத்தை தூக்கிக்கொண்டார்.

ரப்பர் வாடை போக இரண்டு நாள் காற்றாட வேண்டும். அதற்கப்புறம் நான்.

பிப்ரவரி 13

வாடை போய்விட்டது. ஆனால் தேய்பிறை. வளர்பிறையில்தான் புது மெத்தையில் படுக்க வேண்டுமாம், வளர வேண்டும் என்பதற்காக. எது வளர வேண்டும் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 20

நல்ல நாள். விளக்கேற்றி, மெத்தையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போனார் அத்தை. "அம்மா, கறை!" என்று பூபதி குறுக்கே பாய்ந்தார். திருநீறோடு முடிந்தது.

ராத்திரி ஆதிராவைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். பூபதி தலையைச் சொறிந்தார்.

"இந்து, ஒரு விஷயம். பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா?"

"டயப்பர் போட்டுத்தானுங்க படுக்க வெக்கறோம்."

"கசிஞ்சுதுன்னா? அப்பறம் திருப்பி அனுப்ப முடியாது. மூணு மாசம் போகட்டும். நம்முளுதுன்னு ஆனதுக்கப்பறம் என்ன வேணா பண்ணட்டும்."

ஆதிரா பால் குடிக்க ராத்திரியில் எழுவாள். அவள் இருக்கிற இடத்தில்தான் நான் இருக்க முடியும். எங்கள் இருவருக்கும் சீர் மெத்தையை ஹாலில் தரையில் போட்டோம். பாதுகாப்புக்காக அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் புது மெத்தைக்கு மாட்டினார் பூபதி. இரண்டரை வருஷமாக நான் கேட்டும் கழற்றாத உறை.

தற்காலிகம்தான். யாராவது ஒருவர் படுத்துப் பார்த்தால்தானே மெத்தை நல்லதா என்று தெரியும்?

பிப்ரவரி 21

நல்ல மெத்தைதானாம். "சொர்க்கம் இந்து" என்றார்.

மார்ச் 4

எக்ஸர்சைஸ் ஆரம்பித்துவிட்டேன். தரையில் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் ஆதிரா கீழே நுழைந்து அந்தப் பக்கம் வருகிறாள். சிரிக்கிறாள். அந்த நேரத்துக்குப் பார்த்து தண்ணீர் கேன்காரர் வருகிறார். கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார். அதை உள்ளே உருட்டுவது அடுத்த எக்ஸர்சைஸ்.

மத்தியானம் துணி மடித்து வைக்க அறைக்குள் போனேன். அத்தை புது மெத்தையில். "மூட்டுக்கு எப்படி இருக்குதுன்னு பாத்தேன் அம்மிணி." தலையணை, போர்வை, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். நிதானமாகத்தான் பார்த்திருக்கிறார்.

மார்ச் 15

மெத்தைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆர்டர் என் பெயரில். "மேடம், உங்க ஸ்லீப் எக்ஸ்பீரியன்ஸ் எப்படி இருக்கு?"

உண்மையைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. போனைப் பூபதியிடம் கொடுத்தேன்.

"சூப்பருங்க! படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்கறேன்… முதுகு வலியா? எங்கீங்க, எனக்கு முதுகு வலி இருந்ததே இல்லீங்க."

என் பெயருக்கு நேராக 'வலி இல்லை' என்று பதிந்திருப்பார்கள். அவர்கள் புள்ளிவிவரத்தில் நான் குணமாகிவிட்டேன்.

மார்ச் 23

ஆதிராவுக்கு அடம் குறைந்துவிட்டது. அத்தையைப் பார்த்தால் கையைத் தூக்குகிறாள். பூபதி வந்தால் தூக்குகிறாள். எதிர் வீட்டு ராஜி வந்தால்கூட. என்னைப் பார்த்தால் கை மேலே போவதில்லை. பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டுகிறாள், உட்கார் என்று.

"பாரேன், எவ்வளவு புத்தி! அம்மாளுக்கு முடியாதுன்னு புரிஞ்சுக்கிச்சு" என்றார் அத்தை.

ஆமாம். புத்திசாலிக் குழந்தை. தொந்தரவு இல்லை.

வெங்காயம் நறுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே நறுக்கிவிட்டேன்.

மார்ச் 24

டாக்டர் சொன்ன மூன்றில் எக்ஸர்சைஸ் செய்கிறேன். தூக்காமல் இருக்கிறேன். மூன்றாவதும் வீட்டில்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்.

ஏப்ரல் 18

நாளை ஆதிராவின் முதல் பிறந்தநாள். கோபியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். வெள்ளரிக்காய், கொலுசு, ஒரு மூட்டை மாங்காய்.

ராத்திரி யார் எங்கே படுப்பது என்று பேச்சு. "சம்பந்திக்கு மெத்தையப் போடுங்க" என்றார் அத்தை. புது மெத்தை, கறை பயம். ஆக, ஹாலில் சீர் மெத்தை. புது பெட்ஷீட், இரண்டு தலையணை. அம்மா அத்தை அறையில். நானும் ஆதிராவும் அங்கேயே பாயில். அப்பா கூச்சப்பட்டார். "எனக்கெதுக்குங்க மெத்தை, ஒரு ஜமுக்காளம் போதும்."

"அதெப்படீங்க? நீங்க மெத்தைல படுத்தாத்தான் எங்களுக்கு மரியாதை" என்றார் அத்தை.

ஏப்ரல் 19

காலையில் ஹாலிலிருந்து குரல். "மாப்ள… ஒரு கை குடுங்க."

போய்ப் பார்த்தால் அப்பா எழுந்து நிற்கிறார். பாதி வரைக்கும். ஒரு கை சோபாவில், ஒரு கை இடுப்பில், பார்வை தரையில்.

அத்தை காப்பியோடு வந்தார். "என்னங்க சம்பந்தி, எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா?"

பூபதி தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பாவுக்கு மூச்சு வர நேரமாயிற்று.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. இந்த மெத்தைய எந்தக் கடைல வாங்குனீங்க? உங்களைப் பச்சையா ஏமாத்தியிருக்கறானுங்க. இதுல மனுசன் படுப்பானா?"

அத்தை பூபதியைப் பார்த்தார். பூபதி மின்விசிறியைப் பார்த்தார். அழுகிப்போகிற நாக்கு எங்கள் யாருடையதும் இல்லை என்பதே அப்போதைக்குப் பெரிய நிம்மதி.

"நீங்க குடுத்ததுதானுங்க அப்பா" என்றேன்.

"நானா?"

"சீர் மெத்தை."

அப்பா திரும்பி மெத்தையைப் பார்க்க முயன்றார். கழுத்து மட்டும் திரும்பியது. "அட, அதுவா? பீரோ வாங்கறப்ப கடைக்காரன் இனாம்னு வண்டில ஏத்திவுட்டானே, அது! மண்டபத்துல வரிசை நெறைய இருக்கட்டும்னு சும்மா வுட்டுட்டேன். இன்னுமா இதுல படுக்கறீங்க?"

அம்மா அவர் கையைக் கிள்ளினாள். வலிக்கிற இடம் வேறாக இருந்ததால் அவருக்கு உறைக்கவில்லை.

"ஏம் அம்மிணி, நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் என்னைப் பார்த்து.

இரண்டரை வருஷமாக நான் காப்பாற்றி வந்த கௌரவத்துக்கு அவர் ஒரு தம்பிடி போட்டிருக்கவில்லை. பீரோவுக்குத் துணையாக வந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தேன். வழக்கமான இடத்தில் வலித்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நிறுத்த முடியவில்லை.

கேக் வெட்டும்போது எடுத்த போட்டோவில் அப்பாவும் நானும் ஒரே மாதிரி வளைந்து நிற்கிறோம். சாயல் அப்படியே இருக்கிறது என்று ராஜி சொன்னாள்.

ஏப்ரல் 21

காலை பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். அப்பா கொஞ்சம் நிமிர்ந்திருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அறைக்குள் போனேன். புது மெத்தையின் பெட்ஷீட்டை உருவினேன். பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். அது பீரோவின் இனாமுக்கு வந்த உறை. மடித்துக் குப்பையில் போட்டேன். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவைக் கொண்டாந்து இங்க விடுங்க அத்தை."

கேட்பது மாதிரிச் சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை. அத்தை கொண்டுவந்து விட்டார்.

நட்டநடுவில் படுத்தேன். மல்லாந்து. சத்தமே இல்லை. முதுகின் கீழ் ஏதோ ஒன்று மெதுவாக மேலே வந்து, நான் இருக்கிறேன் என்றது. இவ்வளவு நாள் பூபதிக்குக் கேட்டதெல்லாம் இதுதானா? ஆதிரா என் வயிற்றின் மேல் ஏறிக் குதிரை ஓட்டினாள். பிறகு பக்கத்தில் சரிந்து தூங்கினாள். மத்தியான வெயில், டயப்பர் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு பூபதியிடம் சொன்னேன்.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. முழித்தபோது இடுப்புக்குக் கீழே வெதுவெதுவென்று ஈரம். கதவோரம் பூபதி ஆபீஸ் பையோடு நின்றார்.

"இந்து! எந்திரி, எந்திரி! கறை! திருப்பி அனுப்ப இன்னும் டைம் இருக்குது!"

நான் எழுந்திருக்கவில்லை. "அனுப்ப வேண்டாமுங்க. நம்முளுது ஆயிருச்சு."

"ஆயிருச்சு சரி… மூணு பேரும் இதுல எப்படி? நான் எங்க படுக்கறது?"

"சீர் மெத்தை இருக்குதுங்களே. எங்கப்பா பாத்துப் பாத்து வாங்குனது. குறை சொல்லக்கூடாது."

அத்தை பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து குழந்தைக்கு அடியில் மடித்து வைத்தார்.

"நீ ஓரத்துக்குப் போகாத அம்மிணி. நடுவுலயே படு. நடுவுலதான் நல்லா இருக்குது, நானும் பாத்திருக்கறேன்" என்றார். பிறகு மகனிடம், "என்ன நின்னுட்டிருக்கற? சிங்க்ல பாத்திரம் கெடக்குது பாரு."

ஏப்ரல் 22

பூபதி காலையில் ஹாலிலிருந்து வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தார். நான் எதையாவது கீழே போட்டாரா என்று கேட்கவில்லை.

மே 3

சீர் மெத்தை போய்விட்டது. காயலான் கடைக்காரர் அமுக்கிப் பார்த்துவிட்டு, சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வந்த விலைக்கே போயிற்று. பூபதி இப்போது சுவரோரம் கையை மடக்கிப் படுக்கப் பழகி வருகிறார். பத்து நாள் ஹால் வாசம் நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கம்பெனியிலிருந்து விமர்சனம் கேட்டிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு, 'டெலிவரி சூப்பர்' என்று எழுதினேன். வேறு எதை எழுதினாலும் நீளமாகிவிடும்.

வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் இருக்கிறது. ஆனால் பல் தேய்ப்பதற்குள் கிளம்பிவிடுகிறது.

இன்று ஆதிரா தூங்கி எழுந்து, கட்டிலின் மேலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் நின்றேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். மெத்தையைத் தட்டப் போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தூக்கிக்கொண்டேன். நன்றாகக் கனமாகியிருக்கிறாள். பால்கனி வரை போனோம், துணியெல்லாம் பார்த்தோம், திரும்பி வந்தோம்.

முதுகு ஒன்றும் சொல்லவில்லை.